பெங்களூரு வீட்டுக்கு எந்தச் செர்ரி: களாவா, சுரினாமா, பார்படாஸா?

பேக்கரியில் கேக்கின் மேலும் பன்னுக்குள்ளும் சிவப்பாக இருக்கும் ‘செர்ரி’ ஒன்றை எடுத்துப் பிளந்து பாருங்கள். உண்மைச் செர்ரியில் நடுவே ஒற்றைக் கொட்டை இருந்த குழி தெரியும். இதில் பெரும்பாலும் அது இருக்காது. நம் ஊர்ப் பேக்கரிகளில் அந்தப் பெயரில் வருவது பல நேரம் களாக்காய்தான். உப்புநீரில் போட்டு, நிறத்தை வெளுக்க வைத்து, சிவப்புச் சாயமும் சர்க்கரைப் பாகும் ஏற்றிய களாக்காய்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. வீட்டில் செர்ரி வைக்க ஆசைப்பட்டு நர்சரிக்குப் போகிறவர்களுக்கு ஆளுக்கொரு செடி வந்து சேர்கிறது. ‘செர்ரி’ என்ற ஒரே சீட்டு ஐந்து விதமான செடிகளில் தொங்குகிறது. ஐந்தும் ஐந்து குடும்பம். அவற்றில் இந்த மண்ணிலேயே பிறந்தது களா ஒன்றுதான். அதைத்தான் கடைசியாகக் கேட்கிறார்கள், முள் இருக்கிறது என்பதற்காக.

ஐந்தில் இரண்டை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ஒன்று உண்மைச் செர்ரி. காஷ்மீரிலும் இமாச்சலத்திலும் விளையும் செர்ரிக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம், சில வகைகளுக்கு ஆயிரம் மணி நேரம்கூட, குளிர் கிடைக்க வேண்டும். அப்போதுதான் மொட்டு விழிக்கும். பெங்களூரில் ஜனவரி இரவுகளே சராசரியாக 15 டிகிரியை ஒட்டித்தான் இருக்கின்றன. செடி இலை விடும், பூக்காது. சாலையோரம் இளஞ்சிவப்பாகப் பூத்துக் குலுங்குவதைப் பார்த்து ‘பெங்களூரு செர்ரி பிளாசம்’ என்று நம்பி வாங்குகிறவர்களும் உண்டு. அது தபேபூயா, செர்ரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது சிங்கப்பூர் செர்ரி. தமிழில் தேன்பழம், கன்னடத்தில் கசகசே ஹண்ணு. பழம் தேனாக இனிக்கும், பிள்ளைகள் மரத்தடியை விட்டு வரமாட்டார்கள். ஆனால் இது புதர் இல்லை, மரம். இரண்டு மூன்று வருடத்தில் முதல் மாடியைத் தொட்டுவிடும், கிளைகள் குடைபோலக் கிடையாகப் பரவும், ராத்திரி வௌவால் வரும், கீழே நிற்கும் காரெல்லாம் எச்சமாகும். பூங்காவுக்கும் பள்ளி மைதானத்துக்கும் அருமையான மரம். 30-க்கு 40 அடி சைட்டில் வீட்டைச் சுற்றி மூன்றடி விட்டுக் கட்டியவர்களுக்கு இது ஆகாது.

மீதி மூன்று: களா, சுரினாம் செர்ரி, பார்படாஸ் செர்ரி.

சீட்டை நம்பாமல் இலையை நம்புங்கள்

வாங்கும் இடத்திலேயே ஒரு இலையைக் கிள்ளிப் பாருங்கள். காம்பில் வெள்ளைப் பால் வந்து, கிளையில் முள்ளும் இருந்தால் களா வகை. பால் இல்லாமல், இலையைக் கசக்கினால் மூக்கில் ஏறும் காரமான வாசனை அடித்து, கொழுந்து செம்பு நிறத்தில் இருந்தால் சுரினாம். பாலும் இல்லை, வாசனையும் இல்லை, ஓரம் சுருண்ட இதழ்களோடு இளஞ்சிவப்புப் பூ இருந்தால் பார்படாஸ்.

களா வகையிலும் ஒரு குழப்பம் உண்டு. அழகுச் செடியாக விற்கும் நேட்டால் பிளம் களாவுக்கு நெருங்கிய சொந்தம், தென்னாப்பிரிக்காக்காரி. இலை தடித்துப் பளபளக்கும், முள் கவட்டையாகப் பிரிந்திருக்கும், பூ பெரிய நட்சத்திரம் மாதிரி இருக்கும், பழம் களாவைவிடப் பலமடங்கு பெரிதாகச் சிவந்து பழுக்கும். அதையும் சாப்பிடலாம். ஆனால் ஊறுகாய்க்கு வேண்டிய களா அது அல்ல.

நம் களாவிலும் இரண்டு. சுற்றுவட்டாரப் பாறைக் குன்றுகளில் தானாக முளைப்பது சிறுகளா. பழம் சிறுத்து, கறுத்து, இனிப்பாக இருக்கும். தோட்டத்துக்கு ஏற்றது பெருங்களா. காய் பெரிது, சதை அதிகம், புளிப்பும் அதிகம். பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பந்த் மனோகர், பந்த் சுதர்சன், பந்த் சுவர்ணா, மகாராஷ்டிரத்துத் தாபோலி வேளாண் பல்கலைக்கழகத்தின் கொங்கண் போல்டு ஆகியவை பெயர்பெற்ற ரகங்கள். கிடைத்தால் இவற்றின் பதியன் கன்றை வாங்குங்கள். விதைக் கன்றில் காயின் அளவும் புளிப்பும் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது, காய்க்கவும் மூன்று நான்கு வருடம் ஆகும்.

களா: தரையில் இடம் இருந்தால் வேறு யோசனை வேண்டாம்

பெங்களூரு மனைகளில் மண் என்று இருப்பதில் பாதி கட்டட இடிபாடு. சிமெண்டும் காரையும் கலந்து காரத்தன்மை ஏறிய மண். அதோடு போர்வெல்லின் உப்புத்தண்ணீர். மற்ற இரண்டும் இதில் இலை வெளுத்து நிற்கும்போது களா தாக்குப்பிடிக்கும். அது பொறுக்காத ஒன்று தேங்கும் தண்ணீர். மழைநீர்க் குழாய் வந்து விழும் மூலையில் வைத்தால் இரண்டாவது மழைக்காலத்தில் வேர் அழுகிப் போகும். அந்த மூலையைத் தவிர எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம், ஆறு மணி நேர வெயில் விழுந்தால் போதும்.

நடுவதற்கு ஜூன், ஜூலை. ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி. தோண்டும்போது செங்கல் துண்டும் சிமெண்டுக் கட்டியும் வந்தால் இரண்டடி வரை போய் அதையெல்லாம் எடுத்துவிட்டுச் செம்மண் நிரப்புங்கள். ஐந்து கிலோ மக்கிய தொழுவுரம், 200 கிராம் வேப்பம்புண்ணாக்கு போதும். காய்க்காக வளர்த்தால் செடிக்குச் செடி ஆறு முதல் எட்டடி. வேலிக்கென்றால் இரண்டிலிருந்து மூன்றடி. இரண்டையும் ஒரே வரிசையில் எதிர்பார்க்கக் கூடாது. நெருக்கி நட்டு அடிக்கடி வெட்டும் வேலி காவல் காக்கும், காய் தராது.

முதல் கோடையில் வாரம் ஒருமுறை பத்து லிட்டர் தண்ணீர். மூன்றாம் வருடத்துக்குப் பிறகு பெரும்பாலும் மழையே போதும். உண்மையில் இங்கே களா கெட்டுப்போவது அன்பினால்தான். டிசம்பர், ஜனவரியில் தண்ணீரை நிறுத்தவேண்டும். அந்த வாட்டம்தான் பூவுக்கு அழைப்பு. தினமும் சொட்டுநீர் ஓடும் தோட்டத்தில், ரோஜாவுக்குப் போடும் உரத்தையே இதற்கும் போட்டால், செடி கருகருவென்று தழைக்கும், மல்லிகை போன்ற அந்த வெள்ளைப் பூக்களை மட்டும் காணமுடியாது. “மூன்று வருடமாகக் காய்க்கவில்லை” என்று சொல்லும் வீடுகளில் முதலில் கேட்கவேண்டியது ஜனவரியில் தண்ணீர் ஊற்றினீர்களா என்றுதான். இரண்டாவது கேள்வி, எப்போது வெட்டினீர்கள்?

வெட்டும் காலம் அறுவடை முடிந்த ஆகஸ்டு கடைசி, செப்டம்பர். அதற்குப் பின் வரும் தளிர்கள் முற்றித்தான் பிப்ரவரி, மார்ச்சில் பூக்கும். தோட்டக்காரர் டிசம்பரில் வந்து ‘ஷேப்’ பண்ணிவிட்டுப் போனால் அந்த வருடத்துக் காய் அவர் கத்தரியோடு போய்விட்டது. உள்ளே குறுக்கே வளரும் கிளைகள், தரையைத் தொடுபவை, காய்ந்தவை, இவற்றை மட்டும் எடுங்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

காய் பிடித்ததிலிருந்து பழுக்க சுமார் 100 முதல் 110 நாள். ஊறுகாய்க்கு அதற்கு முன்பே, காய் முழு அளவு வந்து இன்னும் கெட்டியாக இருக்கும்போது பறிக்கலாம். நன்றாக வளர்ந்த புதர் மூன்றிலிருந்து ஐந்து கிலோ தரும். பழுக்கும் நேரம் மழையோடு சேர்ந்து வருவதுதான் இங்கே ஒரே தொல்லை. தொடர்ந்து தூறினால் பழத்தில் பழுப்புப் புள்ளி விழுந்து குழியும், நுனிக்கிளை பின்னோக்கிக் காயும். காய்ந்த இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே, பச்சைக் கட்டை தெரியும்வரை வெட்டிவிட்டு, காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் கலந்து தெளியுங்கள். பூச்சித் தொல்லை சொல்லும்படி கிடையாது.

இனி முள். ஒன்று முதல் இரண்டு அங்குல நீளம், ஊசி மாதிரி கெட்டி. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. கேட்டுக்கும் நடைபாதைக்கும் மூன்றடி தள்ளி நடவேண்டும். சின்னப் பிள்ளைகளின் முக உயரத்தில் கிளை நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வெட்டும்போது தோல் கையுறை, கண்ணாடி இரண்டும் வேண்டும், ஏனென்றால் முள்ளோடு பாலும் தெறிக்கும். அதைவிட முக்கியம், வெட்டியதை எண்ணிப் பொறுக்குவது. காய்ந்த களாமுள் பச்சை முள்ளைவிட மோசம், செருப்பைத் துளைக்கும், ஸ்கூட்டர் டயரையும் விடாது. கீழே பழைய சாக்கை விரித்து அதன் மேல் விழும்படி வெட்டினால் பாதிக் கவலை தீரும். இவ்வளவு முள்ளுக்கும் ஒரு நன்மை உண்டு. மதிலோரம் நாலு களா இருந்தால் மாடும் தாண்டாது, மனிதரும் தாண்டமாட்டார்கள். கொண்டைக்குருவி கூடு கட்டினால் பூனையால் எட்ட முடியாது.

சுரினாம்: வெயில் குறைந்த வீட்டுக்கு

பிரேசில் பக்கத்துச் செடி. நாவலுக்கும் கொய்யாவுக்கும் உறவு. பழம் சின்னஞ்சிறு பூசணிக்காய் மாதிரி ஏழெட்டு வரிகளோடு தொங்கும். பார்க்க மூன்றிலும் இதுதான் அழகு.

இதன் பலம், அரை நாள் வெயிலிலும் காய்ப்பது. கிழக்கே மட்டும் திறந்திருக்கும் காம்பவுண்டு, பக்கத்து அடுக்குமாடியின் நிழல் மதியத்துக்கு மேல் விழும் இடம், இங்கெல்லாம் களா பூக்கத் தயங்கும்போது சுரினாம் பூத்துவிடும். முள் கிடையாது. ஒரே செடி இருந்தாலும் காய்க்கும்.

பலவீனம் சுவை. பழத்தில் டர்பென்டைன் போன்ற ஒரு பிசின் வாசம் உண்டு. ஆரஞ்சு நிறத்தில் பறித்துச் சாப்பிட்டவர்கள் மறுபடி தொடமாட்டார்கள். அடர்சிவப்பாகி, விரல் பட்டவுடன் கையில் உதிரும் பழம்தான் பழம், இழுத்துப் பறிக்க வேண்டியிருந்தால் இன்னும் நாளாகவில்லை. கறுஞ்சிவப்பாகப் பழுக்கும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள், வாசம் குறைவு. பழத்தைக் கீறி விதையை எடுத்து, சர்க்கரை தூவி இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் பெருமளவு வாசம் போய்ச் சாறு ஊறி நிற்கும். விதையைக் கடிக்கக் கூடாது, பிசின் அதிகம் இருப்பது அதில்தான்.

அடுத்த தொல்லை பழ ஈ. பழம் சிவக்கத் தொடங்கும்போது ஊசி குத்தியது போன்ற புள்ளி தெரியும், பிளந்தால் வெள்ளைப் புழு நெளியும். மருந்தடிப்பதைவிட, உதிர்ந்த பழத்தைத் தினமும் பொறுக்குவதே முக்கியம். பொறுக்கியதை உரக்குழியில் போடாமல், பாலித்தீன் பையில் இறுகக் கட்டி நாலு நாள் வெயிலில் வைத்துவிட்டுப் போடுங்கள். இல்லையென்றால் புழு மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும். மீத்தைல் யூஜினால் என்ற வாசனைப் பொருள் வைத்த பொறி ஆண் ஈக்களைத்தான் இழுக்கும். பழம் சிவப்பதற்கு ஒரு மாதம் முன்பே மாட்டினால்தான் பயன்.

இரும்புச்சத்துக் குறைவும் இதில் சீக்கிரம் தெரியும். கொழுந்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், லிட்டருக்கு 5 கிராம் பெரஸ் சல்பேட்டும் ஒரு கிராம் சிட்ரிக் அமிலமும் கலந்து, மாலையில், பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளியுங்கள். முடிந்தவரை மழைநீர் அல்லது காவேரித் தண்ணீர் ஊற்றுங்கள்.

இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். ஃபுளோரிடாவில் இந்தச் செடி பறவைகள் வழியாகக் காட்டுக்குள் பரவி, ஆக்கிரமிப்புச் செடிகளின் பட்டியலில் இருக்கிறது. நகருக்கு நடுவே ஒரு செடி பெரிய விஷயமில்லை. பன்னேர்கட்டா, கனகபுரா பக்கம் காட்டை ஒட்டிப் பண்ணைவீடு இருப்பவர்கள் இதை வைக்காமல் இருப்பதே நல்லது. அங்கே களாதான் முறை.

பார்படாஸ்: மொட்டைமாடிக்கு

கரீபியன் தீவுகளின் செடி, அசரோலா என்றும் பெயர். பழத்தின் வைட்டமின் சி அளவுதான் இதன் புகழ். 100 கிராமில் ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டும், அதே எடை ஆரஞ்சில் 50-ஐ ஒட்டித்தான். பூத்த மூன்று நான்கு வாரத்தில் பழுக்கும். தொட்டியில் இவ்வளவு எளிதாக, இவ்வளவு சீக்கிரம் காய்க்கும் செர்ரி வேறில்லை. நல்ல பதியன் கன்று இரண்டாம் வருடமே காட்டிவிடும்.

18 அங்குலத் தொட்டி அல்லது 50 லிட்டர் குரோ பேக் வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, தேங்காய்நார்க்கழிவு ஒரு பங்கு, அதில் 200 கிராம் வேப்பம்புண்ணாக்கு. புண்ணாக்கை இங்கே விடக்கூடாது, இந்தச் செடியின் வேரை வேர்முடிச்சு நூற்புழு விரும்பித் தாக்கும். தண்ணீர் ஊற்றியும் மதியம் துவள்கிறது, இலை சிறுக்கிறது என்றால் ஓரத்தில் மண்ணைத் தோண்டி வேரைப் பாருங்கள். ஜவ்வரிசி மாதிரி முண்டுகள் இருந்தால் அந்த மண்ணை மறுபடி எதற்கும் பயன்படுத்த வேண்டாம். நனைந்த தொட்டி ஒன்று 60, 70 கிலோ வரும். மாடியின் நடுவே வைக்காமல், கீழே தூண் அல்லது பீம் போகும் ஓரத்தில் வையுங்கள். வேர் மேலாக ஓடுவதால் காற்றுக்குச் சாயும், ஒரு கழி ஊன்றிக் கட்டவேண்டும்.

இதன் பெரிய குறை, பூக்கும், உதிரும். காலையில் மாடிக்குப் போனால் தொட்டியைச் சுற்றி இளஞ்சிவப்பாகக் கொட்டிக் கிடக்கும், கிளையில் ஒரு காய் இருக்காது. காரணம் தெரிந்தால் வைத்தியம் எளிது. இந்தப் பூ தேனுக்குப் பதிலாக எண்ணெய் சுரக்கிறது. அந்த எண்ணெயைத் தேடி வரும் தேனீக்கள் அமெரிக்கக் கண்டத்தில் இருக்கின்றன, இங்கே இல்லை. ஆகவே அந்த வேலையை நாம் செய்யவேண்டும். பூத்த நாளின் காலையில், மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் பூவுக்குப் பூ மெதுவாகத் தொட்டு வாருங்கள். வெவ்வேறு நர்சரியில் வாங்கிய இரண்டு செடிகள் பக்கத்தில் இருந்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். மார்ச் முதல் மே வரை ஒருநாள்கூடத் தொட்டி காயக்கூடாது, காய்ந்தால் பிடித்ததும் உதிரும். ஊருக்குப் போகும் வழக்கம் உள்ளவர்கள் சொட்டுநீர் டைமர் போட்டுவிட்டுத்தான் கிளம்பவேண்டும்.

பறித்த பழம் இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும். அன்றன்றே சாறு பிழிந்து ஐஸ் ட்ரேயில் உறையவைப்பதே வழி, காய்ச்சினால் வைட்டமின் போகும். இளம் இலையில் நுண்ணிய ரோமம் உண்டு, சிலருக்கு அரிக்கும்.

எந்த வீட்டுக்கு எது

மண்ணும் வெயிலும் இருக்கும் வீடு என்றால் களா, அதில் எங்களுக்கு இரண்டாம் கருத்தில்லை. மொட்டைமாடி மட்டும் என்றால், தினம் கவனிக்க ஆள் இருக்கும் வீட்டில் பார்படாஸ். ஆள் இல்லாத வாடகை வீட்டில் அதுவும் வேண்டாம். களாவைத் தொட்டியில் வைத்தால் சாகாது, ஆனால் பெயருக்குத்தான் காய்க்கும், நெருக்கமான மாடியில் முள்ளும் கஷ்டம். சுரினாம் நிழல் வீட்டுக்கு, அதுவும் அந்த வாசனையை ஒருமுறை சுவைத்துப் பார்த்துப் பிடித்தவர்களுக்கு.

ஊறுகாய் போடும் வீடா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றில் களாக்காய் மட்டும்தான் சமையலறைக்கு உரியது. சீசனில் சந்தையில் கவளிக்காய் என்று கன்னடத்தில் கேட்டால் கொஞ்சம் வாங்கி, வீட்டில் யாருக்குப் பிடிக்கிறது என்று பார்த்துவிட்டுக் கன்று வாங்கலாம். நறுக்குவதற்கு முன் கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளவேண்டும், பால் பிசுபிசுவென்று ஒட்டும். பாத்திரத்தில் ஒட்டிய பாலையும் சோப்பு எடுக்காது, எண்ணெய் தேய்த்தால் உருண்டு வரும்.

பேக்கரிச் செர்ரியை வீட்டிலேயே செய்ய, இளஞ்சிவப்பு ஏறத் தொடங்கிய காய் அரை கிலோ எடுத்துக் கீறி விதையை நீக்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் உப்புக் கரைத்து இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காலையில் அலசி, கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டு வடியுங்கள். கால் கிலோ சர்க்கரை, கால் லிட்டர் தண்ணீர் சேர்த்துப் பாகு கொதித்ததும் காயைப் போட்டு ஐந்து நிமிடத்தில் இறக்கி மூடி வையுங்கள். மறுநாள் காயை எடுத்துவிட்டுப் பாகில் 100 கிராம் சர்க்கரை சேர்த்துக் கொதிக்கவைத்து, காயைத் திரும்பப் போடுங்கள். அடுத்த இரண்டு நாளும் அப்படியே. அவசரப்பட்டு முதல் நாளே கெட்டிப் பாகில் போட்டால் காயின் நீரைப் பாகு இழுத்துவிடும், காய் சுருங்கித் தோலாகும். நாலாம் நாள் பாகு தேன் பதத்தில் நிற்கும்போது எடுத்து நிழலில் உலர்த்துங்கள். சாயம் இல்லாததால் கடைச் சிவப்பு வராது, பழைய செம்பு நிறத்தில் இருக்கும். மிச்சமான பாகை வடித்து வைத்தால் கோடையில் ஒரு தம்ளர் குளிர்ந்த தண்ணீருக்கு இரண்டு ஸ்பூன் போதும்.